சுவரும் மனசும்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம், எந்த கலர் மனசுக்கு என்ன பண்ணும்னு கேட்டு வந்த கடிதங்கள்ல சிலதுக்கு இந்த இதழ்ல பதில் சொல்றேன். ஒரே மாதிரி கேட்டவங்கள சேத்துட்டேன், யார் பேரும் போடல.

கரூர் வாசகி: அக்கா, புதுசா ரெண்டு பெட்ரூம் வீடு வாங்கியிருக்கோம். வீடியோல எல்லாம் பெட்ரூமுக்கு சிவப்பு அடிச்சா புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை வரும், மஞ்சள் அடிச்சா குழந்தை அழுதுட்டே இருக்கும், நீலம் அடிச்சா நிம்மதின்னு சொல்றாங்க. என் மாமியார் நீலம் வேணாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்ங்கறாங்க. எதைத்தான் நம்பறது?

முதல்ல பயத்த விடுங்கம்மா. சுவர் கலரால குடும்பத்துல சண்டை வரும்னு யாரும் நிரூபிச்சதில்ல, மஞ்சள் ரூம்ல குழந்தைங்க ஜாஸ்தி அழும்ங்கறதுக்கும் நம்பற மாதிரி ஆதாரம் கிடையாது. மஞ்சள் பூசுன வாசப்படியும் மஞ்சத்தண்ணியும் பாத்தே வளந்தவங்கதான நாமெல்லாம்.

இந்த மாதிரி பேச்சுக்கு எல்லாம் ஒரு பெரியண்ணன் கதை இருக்கு. 1979ல அமெரிக்காவுல சியாட்டில்ல ஒரு கடற்படை ஜெயில் அறைக்கு ஒரு மாதிரி ரோஸ் கலர் அடிச்சுப் பாத்தாங்க, அதுக்குள்ள கொஞ்ச நேரம் உக்கார வெச்சா முரட்டுக் கைதிகூட அடங்கிப் போறான்னு சொன்னாங்க. அந்த ஜெயிலோட ரெண்டு அதிகாரிங்க பேர வெச்சு அதுக்கு பேக்கர் மில்லர் பிங்க்னே பேர் வந்துச்சு, உலகம் பூரா பரவி பல ஜெயில்ல அதே கலர அடிச்சாங்க. பின்னாடி ஒழுங்கா சோதனை வெச்சுப் பாத்தப்போ, சுவிட்சர்லாந்து ஜெயில்லயும் பாத்தாங்க, வெள்ளை அறையில இருந்தவங்களுக்கும் ரோஸ் அறையில இருந்தவங்களுக்கும் கோவத்துல வித்தியாசம் எதுவும் தெரியல. ஆனா முதல்ல வந்த கதை மட்டும் இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு.

அப்போ கலருக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லையான்னா, இருக்கு, ஆனா நாம பாக்கற இடம்தான் தப்பு. ஒரு கலர்ல மூணு விஷயம் இருக்கு, ஒண்ணு அது சிவப்பா நீலமாங்கறது, ரெண்டாவது அது எவ்வளவு அழுத்தமா இருக்குங்கறது, மூணாவது எவ்வளவு வெளிச்சமா இருக்குங்கறது. 1994ல வால்டெஸ், மெஹ்ராபியன்னு ரெண்டு பேர் இத பிரிச்சுப் பிரிச்சு சோதிச்சாங்க. வெளிச்சமான கலர்கள் ஜனங்களுக்கு இதமா இருந்துச்சு, அழுத்தமான கலர்கள் பரபரப்ப கூட்டுச்சு, சிவப்பா நீலமாங்கறது இந்த ரெண்டு அளவுக்கு வேலை செய்யல. அவங்க காட்டுனது சின்னச் சின்ன கலர் துண்டுங்க, முழு ரூம் இல்ல, அதனால அப்படியே வீட்டுக்கு தூக்கிட்டு வந்துட முடியாது, ஆனா நான் வேலை செஞ்ச வீடுகள்ல கண்ணால பாத்ததும் இதேதான். அழுத்தமான ராயல் ப்ளூ நாலு சுவருக்கும் அடிச்ச பெட்ரூம்ல தூக்கம் வரலன்னு சொன்னவங்க உண்டு, செம்மண்ண பாலோட கலந்த மாதிரி ஒரு வெளிறுன சிவப்புல நிம்மதியா தூங்கறவங்களும் உண்டு.

உங்க மாமியார் சொல்றதையும் தள்ளிடாதீங்க, அவங்க சரியாத்தான் பாத்திருக்காங்க. வெளிர் நீலம், வெள்ளை டைல்ஸ், வெள்ளை எல்.ஈ.டி ட்யூப் மூணும் ஒண்ணா சேந்தா ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம் வரத்தான் செய்யும். கட்டில் தலைமாட்டு சுவருக்கு மட்டும் கொஞ்சம் சாம்பல் கலந்த நீலம் அடிங்க, மத்த மூணுக்கும் மோர் மாதிரி ஒரு வெள்ளை, வெள்ளை ட்யூப எடுத்துட்டு மஞ்சள் வெளிச்சம் குடுக்கற பல்பு போடுங்க. ரெண்டு பேருக்கும் பிடிக்கும்னு நினைக்கிறேன்.

கோயம்புத்தூர் வாசகர்: ஷேட் கார்டுல சந்தன கலர் பாத்து செலக்ட் பண்ணோம்ங்க. ஹால் பூரா அடிச்சதுக்கு அப்புறம் பாத்தா பளீர்னு மஞ்சளா இருக்குது, சாயங்காலம் லைட் போட்டா ஒரு பச்சை சாயல் வேற வருது. பெயின்டர் ஏமாத்திட்டாருங்களா?

பெயின்டர் மேல கோவப்படாதீங்க, பெரும்பாலும் இது அவர் தப்பு இல்லைங்க. எனக்கே நடந்தது இது, கல்யாணமான புதுசுல எங்க வீட்டு ஹாலுக்கு ஷேட் கார்டுல ஒரு அழகான பீச் கலர் பாத்து ஆசையா அடிச்சேன், முடிஞ்சப்போ ஆரஞ்சு மிட்டாய்க்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு, மறுபடி அடிக்க காசில்லாம மூணு வருஷம் அதுக்குள்ளயே இருந்தோம். அந்த மூணு வருஷத்துலதான் நான் கலரப் பத்தி உண்மையா கத்துக்கிட்டேன்.

என்ன நடக்குதுன்னா, ஷேட் கார்டுல நீங்க பாக்கறது ஸ்டாம்ப் சைஸ் துண்டு, அத சுத்தி வெள்ளை பேப்பர். வீட்டுலயோ ஒரு சுவர்ல பட்ட வெளிச்சம் அடுத்த சுவர்ல போய் விழுது, அது திரும்பி இங்க வருது, ஒவ்வொரு தடவையும் அந்த மஞ்சள் ஏறிட்டே போகுது, அதனால நாலு சுவரும் ஒரே கலரா இருந்தா கார்டுல பாத்தத விட கண்டிப்பா அழுத்தமா தெரியும். அதோட வெளிய இருந்து வர்ற கலர் வேற. பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு சுவருக்கு கிளிப்பச்சை அடிச்சிருந்தா வெயில் அதுல பட்டு உங்க ஜன்னல் வழியா உள்ள வரும், வாசல்ல பெரிய வேப்பமரம் இருந்தாலும் அப்படித்தான், பழைய வீட்டு ரெட் ஆக்சைடு தரையா இருந்தா சுவரோட அடிப்பாகம் செவப்பா தெரியும்.

பல்பு கதை தனி. நம்ம கடைகள்ல சும்மா எல்.ஈ.டி குடுங்கன்னு கேட்டா பெரும்பாலும் கைல குடுக்கறது 6500 கெல்வின் (வெளிச்சம் என்ன சாயல்ல இருக்குன்னு சொல்ற அளவு இது), கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை. சந்தன சுவர்ல அது பட்டா மஞ்சளும் நீலமும் சேந்து பச்சை சாயல்தான் வரும், நீங்க பாக்கறது அதாத்தான் இருக்கும். புடவை கடையில நம்ம வீட்டுப் பொம்பளைங்க புடவைய கைல எடுத்துட்டு வாசலுக்கு வந்து வெயில்ல பாப்பாங்கல்ல, மயில் கழுத்து கலர்ங்கறது கடை லைட்ல ஒண்ணு வெயில்ல ஒண்ணுன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். புடவைக்கு அவ்ளோ பாக்கற நாம, ஆறேழு வருஷம் கூட இருக்கப்போற சுவருக்கு ஒரு தடவகூட வாசலுக்கு போறதில்ல.

அதனால இப்போ மறுபடி பெயின்ட் வாங்க ஓடாதீங்க. முதல்ல ஹால் பல்பு எல்லாத்தையும் 3000 கெல்வினுக்கு மாத்துங்க, அட்டையிலயே வார்ம் வொய்ட்னு போட்டிருக்கும், ஒரு வாரம் அதோட இருந்து பாருங்க, பாதிப் பேருக்கு இதுலயே சரியாயிடும். அப்பவும் கண்ண உறுத்துனா ஜன்னலுக்கு எதிர்ல இருக்கற சுவர், அதுலதான் வெளிச்சம் அதிகம் விழும், அத மட்டும் வெளிறுன கலரா மாத்துங்க. அடுத்த தடவை எந்த கலரா இருந்தாலும் சின்ன டப்பா ஒண்ணு வாங்கி பெரிய சார்ட் பேப்பர்ல ரெண்டு கோட் அடிச்சு, அத சுவர்ல ஒட்டி காலைல, மத்தியானம், ராத்திரி லைட் போட்டுன்னு மூணு வேளையும் பாருங்க. சுவர்லயே அடிச்சுப் பாக்காதீங்க, பழைய கலர் பக்கத்துல இருந்தா புதுசு வேற மாதிரி தெரியும். 1839லயே பாரிஸ்ல செவ்ரூல்னு ஒரு வேதியியல்காரர் இத எழுதி வெச்சுட்டாரு, சாயப்பட்டறையில கருப்பு நூல் சாயம் சரியில்லன்னு புகார் வந்து போய்ப் பாத்தா சாயத்துல குறையே இல்ல, பக்கத்துல நெய்ஞ்ச நூல் கலர்தான் கருப்ப மங்கலா காட்டியிருக்கு. நம்ம நெசவாளிங்க உடலுக்கும் பார்டருக்கும் கலர் சேக்கறப்போ பாக்கறதும் இதேதாங்க.

திருநெல்வேலி வாசகி: மேடம், வாஸ்து பாக்கறவர் தென்கிழக்கு சமையல்கட்டுக்கு ஆரஞ்சு அடிக்கச் சொல்றார். எனக்கு அந்த கலரே பிடிக்கல. என்ன செய்ய?

நம்பிக்கைய நான் குறை சொல்ல மாட்டேன், அது உங்க வீட்டு விஷயம். ஆனா ஆரஞ்சுன்னு ஒரே ஒரு கலரா இருக்கு? பழுத்த பப்பாளியும் ஆரஞ்சுதான், சுட்ட மண் சட்டியும் அந்த வகைதான். அடுப்புக்குப் பின்னாடி ஒரு வரிசை டைல்ஸ் மட்டும் சட்டி கலர்ல போட்டுட்டு மத்ததெல்லாம் உங்களுக்கு பிடிச்ச மாதிரி வெச்சுக்கோங்க. தினமும் நின்னு சமைக்கப் போறது நீங்கதான்.

மதுரை வாசகி: அம்மாவுக்கு 74 வயசு. வீட்டுல எல்லாம் வெள்ளை டைல்ஸ், வெள்ளை சுவர், பாத்ரூமும் வெள்ளை, பாக்க பளிச்னு இருக்கேன்னு பண்ணோம். ஆறு மாசத்துல ரெண்டு தடவ தடுமாறி விழுந்துட்டாங்க. இதுக்கும் கலருக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்குங்க, இந்த தடவ வந்த கடிதத்துலயே முக்கியமானது இதுதான். கலர் மனசுக்கு என்ன பண்ணும்னு பக்கம் பக்கமா பேசறோம், வயசானவங்க கண்ணுக்கு கலர் எப்படி தெரியுதுன்னு யாரும் பேசறதில்ல.

வயசாக ஆக கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளாகி பழுப்பாகும், கண்மணியும் சுருங்கிடும், இருபது வயசுல கண்ணுக்குள்ள போற வெளிச்சத்துல அறுபது வயசுல சுமார் மூணுல ஒரு பங்குதான் உள்ள போகும்னு சொல்வாங்க. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டு பாக்கற மாதிரி, நீலமும் பச்சையும் ஒண்ணு போலத் தெரியும், கருநீலம் கருப்பாத் தெரியும், வெளிர் கலருங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். எங்க அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்போ முதல்ல கேட்டதே "எப்ப சுவருக்கு நீலம் அடிச்சீங்க"ன்னுதான். சுவர் என்னிக்கும் வெள்ளைதான், அத்தனை வருஷமா அவங்க அத மஞ்சளா பாத்துட்டு இருந்திருக்காங்க, பக்கத்துலயே இருந்த எனக்கு அது தெரியல.

இப்போ உங்க வீட்டு பாத்ரூம அம்மா கண்ணால பாருங்க. வெள்ளை தரை, வெள்ளை சுவர், வெள்ளை கம்மோடு, எங்க தரை முடியுது எங்க சுவர் ஆரம்பிக்குது, உக்கார்ற இடம் எங்க இருக்குன்னே தெரியாது, கைய நீட்டித் தடவித்தான் போகணும். நீங்க பண்ண வேண்டியது பெரிய செலவு இல்ல. கம்மோடு சீட்ட மட்டும் அழுத்தமான கலர்ல மாத்துங்க, சிவப்போ அடர் பச்சையோ. புடிச்சு எந்திரிக்க கம்பி போட்டு அதுவும் சுவர்ல இருந்து பளிச்னு தனியா தெரியற கலரா இருக்கணும், வெள்ளை சுவர்ல பளபள ஸ்டீல் கம்பி வயசான கண்ணுக்கு மறைஞ்சே போயிடும். பாத்ரூம் வாசப்படியில ரெண்டு இஞ்ச் அகலத்துல அடர் கலர் பட்டை ஒட்டுங்க, மாடிப்படி இருந்தா ஒவ்வொரு படி நுனிக்கும் இதே மாதிரி. பளபளப்பான டைல்ஸ்ல ஜன்னல் வெளிச்சம் பட்டு தண்ணி தேங்குன மாதிரி தெரியும், அந்த ஜன்னலுக்கு மெல்லிசா ஒரு திரை போட்டா போதும்.

ஒரு தப்பு மட்டும் பண்ணிடாதீங்க, வெள்ளை தரை நடுவுல கருப்பு மிதியடி போடாதீங்க. மறதி நோய் ஆரம்பிச்சவங்களுக்கு அது பள்ளம் மாதிரி தெரியும், தாண்டப் போய் விழுவாங்க. ராத்திரி பாத்ரூம் போற வழியில ஒரு சின்ன மஞ்சள் லைட் எரியட்டும், நீல லைட் வேணாம், நீல வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்ப குறைக்கும், திரும்பி வந்து படுத்தா தூக்கம் வராம கஷ்டப்படுவாங்க.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி அம்மாவ ஒரு தடவ கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்கம்மா, தள்ளிப் போடாதீங்க.

சென்னை வேளச்சேரி வாசகர்: வாடகை வீடு. ஆணி அடிக்கவே ஓனர் விட மாட்டார், பெயின்ட் எங்க மாத்தறது. ஹால் ஒரே இருட்டு, உள்ள வந்தாலே டல்லா இருக்கு. ஏதாவது வழி?

உங்க பிரச்சனை கலர் இல்ல, வெளிச்சம். 2006ல அர்ஜென்டினா, சவூதி அரேபியா, ஸ்வீடன், இங்கிலாந்துன்னு நாலு நாட்டு ஆபீஸ்கள்ல வேலை பாக்கறவங்கள வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, வெளிச்சம் பத்தலன்னு யாருக்கு தோணுச்சோ அவங்க மனநிலைதான் மோசமா இருந்துச்சு, சரியான அளவுல இருந்தவங்களுக்கு நல்லா இருந்துச்சு. நடு சீலிங்ல ஒத்த ட்யூப் எரியறத விட்டுட்டு, மூலையில ஒரு ஸ்டாண்டு லைட் வெச்சு வெளிச்சம் சுவர்ல பட்டு வர்ற மாதிரி திருப்பி விடுங்க. கனமான மெரூன் கர்ட்டன் இருந்தா எடுத்துட்டு வெள்ளை காட்டன் போடுங்க. அப்புறம் கலர் வேணும்னா சோபா மேல ஒரு செட்டிநாடு கட்டம் போட்ட துணியோ பவானி ஜமுக்காளமோ விரிங்க, வீடு மாறும்போது கூடவே வரும்.

சேலம் வாசகி: பையன் பத்தாவது படிக்கிறான். அவன் ரூமுக்கு கருப்பு வேணும்னு அடம். டிப்ரஷன் வந்துடுமோன்னு பயமா இருக்கு.

கருப்பு சுவரால யாருக்கும் டிப்ரஷன் வராதும்மா. அவன் கேக்கறது எனக்குன்னு ஒரு இடம் வேணும்ங்கறதத்தான், அந்த வயசுல கேக்க வேண்டியதுதான. ஒரு சுவர் குடுங்க, கட்டிலுக்கு பின்னாடி, படுத்திருக்கும்போது கண்ணுக்கு எதிர்ல வராது. படிக்கற டேபிள் பக்கம் வெளிறுன கலரா இருக்கட்டும், கருப்பு சுவர் வெளிச்சத்த முழுங்கிடும், படிக்க கண் வலிக்கும். இத விட எனக்கு வேற கவலை ஒண்ணு இருக்கு. வீடு பழசா இருந்தா கதவு, ஜன்னல் கம்பியில இருக்கற பழைய எனாமல் பெயின்ட்ட, அதுலயும் பளிச்னு இருக்கற மஞ்சளு சிவப்பு ஆரஞ்சு எல்லாம், உப்புத்தாள் போட்டு சுரண்டும்போது குழந்தைங்கள கிட்டவே விடாதீங்க. வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்க்கு மேல, அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்குக்கு மேல, இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான், அதுக்கு முன்னாடி அடிச்சதுல எவ்வளவு இருக்குன்னு சொல்ல முடியாது. ஈயத்தூசு குழந்தைங்க மூளை வளர்ச்சியவே பாதிக்கும். சுரண்டறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சு நனைச்சுக்கச் சொல்லுங்க, முடிஞ்சதும் ஈரத்துணியால துடைக்கணும், துடைப்பம் போட்டு கூட்டக் கூடாது.

சிவகங்கை வாசகர்: தாத்தா கட்டுன சுண்ணாம்பு வீடு. பையன் மாடர்னா இருக்கட்டும்னு கிரே கலர் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கலாங்கறான்.

தயவு செஞ்சு அடிக்காதீங்கய்யா. சுண்ணாம்பு சுவர் மூச்சு விடும், மழைக்காலத்துல ஏறுன ஈரம் வெயில்ல வெளிய வந்துடும், அதுமேல பிளாஸ்டிக் படலம் போட்டு மூடிட்டா ஈரம் உள்ளயே நின்னு கொப்பளம் கொப்பளமா உரிஞ்சு வரும், கூடவே பழைய பூச்சும் போயிடும். முட்டை வெள்ளைக்கருவெல்லாம் கலந்து தேய்ச்சு மெருகேத்துன பூச்சா இருந்தா இன்னிக்கு அத செய்யத் தெரிஞ்ச கொத்தனார தேடிப் புடிக்கறதே கஷ்டம்.

அந்தக் காலத்து வீடுகள்ல ஏன் வெள்ளை, செங்காவி, மஞ்சக்காவி, நீலம்னு அதே கலருங்களே திரும்பத் திரும்ப வருதுன்னு பையனுக்கு சொல்லுங்க, சுண்ணாம்போட காரத்த தாங்கி நிக்கற கலருங்க கொஞ்சம்தான், மண்ணுல இருந்து வர்ற காவி தாங்கும், நீலம் தாங்கும். வெள்ளையடிக்கும்போது கொஞ்சம் நீலம் கரைச்சு ஊத்துவாங்களே, வேட்டிக்கு சொட்டு நீலம் போடற மாதிரி, அது சுண்ணாம்புல இருக்கற மஞ்சள் சாயல அடக்கி கண்ணுக்கு இன்னும் வெள்ளையா காட்டும். பையனுக்கு கிரே வேணும்னா சுண்ணாம்புலயே கொஞ்சம் கரி கலந்து ஒரு ரூம்ல மட்டும் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, எமல்ஷன் கிரேவ விட அது ரொம்ப சாந்தமா இருக்கும்.

தஞ்சாவூர் வாசகி: வீட்டுக்காரர் தவறி ரெண்டு வருஷமாச்சு. ஹாலுக்கு இலைப்பச்சை அடிச்சது அவர்தான், கடைக்கு நாலு தடவ போய் செலக்ட் பண்ணாரு. அந்த கலர் இருந்தா உங்களுக்கு அவர் நினைப்பாவே இருக்கும், மாத்திடலாம்மான்னு பிள்ளைங்க சொல்றாங்க. எனக்கு மனசு வரல.

மனசு வரலன்னா மாத்தாதீங்கம்மா. பச்சை அமைதி தரும், நீலம் தூக்கம் தரும்னு எந்த அட்டவணையில போட்டிருந்தாலும் உங்களுக்கு அந்தப் பச்சைன்னா அவர் நாலு தடவ கடைக்குப் போய் வந்ததுதான், அதுக்கு மேல ஒரு கலர் சாஸ்திரமும் எனக்குத் தெரியாது.

பிள்ளைங்க உங்க மேல இருக்கற அக்கறையிலதான் சொல்றாங்க, சுவரும் அழுக்காயிருக்கும். அதனால ஒண்ணு பண்ணுங்க. அவர் உக்கார்ற நாற்காலி பக்கத்து சுவர அப்படியே விட்டுட்டு மத்த மூணையும் அவங்க இஷ்டத்துக்கு விடுங்க, வெளிறுன கலரா இருந்தா அந்தப் பச்சை இன்னும் எடுப்பா தெரியும். அந்த ஒரு சுவரும் பின்னால மங்கிப் போனா என்ன பண்றதுன்னு நினைக்காதீங்க, காலண்டர் மாட்டியிருக்கற இடத்துக்குப் பின்னாடி பாருங்க, வெயில் படாம, கை படாம, அன்னிக்கு அடிச்ச பச்சை அப்படியே இருக்கும். அங்க ஒரு ரூபா காசு அளவுக்கு மெதுவா பேத்து எடுத்து கலர் கலக்கற மெஷின் இருக்கற பெயின்ட் கடையில குடுத்தா அளந்து பாத்து அதே கலர கலந்து குடுப்பாங்க. எந்த பேஸ்ல, அதாவது கலர் சேக்கறதுக்கு முன்னாடி இருக்கற பெயின்ட்ல, எவ்வளவு கலர் ஊத்துனாங்கன்னு டப்பா மேல சீட்டு ஒட்டியிருப்பாங்க, அத போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, பிள்ளைங்க போன்லயும் ஒண்ணு இருக்கட்டும்.